பறிக்காமல் அறிதல்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையொன்றில், தரச்சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். தகட்டில் வைத்த ஸ்பாட் வெல்டிங் பிடித்திருக்கிறதா என்று பார்க்க இரண்டு வழி உண்டு. உளியைச் செருகிப் பிளந்து பார்க்கலாம். அல்ட்ராசானிக் முனையை மேலே வைத்து எதிரொலியைப் படிக்கலாம். பிளந்த தகடு பழைய இரும்புக்குப் போய்விடும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. வாலாஜாபாத்தில் பாலாற்றை ஒட்டிய எங்கள் வயலுக்குப் போனால் இதே கேள்வி கனத்துவிடுகிறது. ஓர் உயிரை அறிய அதை வெட்டத்தான் வேண்டுமா?

இலையில் எவ்வளவு நீர் இருக்கிறது என்று கண்டுபிடிக்க, ஆய்வகத்தில் இலையை வெட்டி எடை போடுவார்கள். சில மணி நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது குடிக்கிற மட்டும் குடித்த பிறகு மறுபடி எடை. பிறகு 70, 80 டிகிரி சூட்டில் ஓவனில் காயவைத்து மூன்றாவது எடை. கணக்கு துல்லியமாக வரும். ஆனால் அந்த இலை நாளைக்கு இருக்காது. நாளை வெட்டுவது வேறோர் இலை. பயிரின் பொதுநிலையைச் சொல்லலாமே தவிர, நேற்று வாடிய இந்த இலை இன்று தேறியதா என்று ஒருக்காலும் சொல்ல முடியாது.

அப்பா எதையும் வெட்டியதில்லை. உச்சி வெயிலில் நெல் இலை நீளவாக்கில் சுருண்டுகொள்ளும். மேல்தோலில் உள்ள பெரிய செல்கள் நீர் இழந்து தொய்வதால் வருவது அது. சாயங்காலம் விரிந்துவிட்டால் சும்மா இருப்பார். விடியற்காலையிலும் சுருண்டே நின்றால்தான் மோட்டார் போடுவார்.

இன்று அப்படிப் பார்க்கும் வேலையைக் கருவிகள் செய்கின்றன. 970, 1450 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை நீர் உறிஞ்சும். ஆகவே இலையிலிருந்து அந்த ஒளி குறைவாகத் திரும்பினால் உள்ளே நீர் அதிகம். மில்லிமீட்டர் அலையையும் நீர் விழுங்கும். 1890களிலேயே கல்கத்தாவில் அந்த அலைகளை உண்டாக்கிச் சோதித்தவர் ஜகதீச சந்திர போஸ்; பிறகு செடிகளின் உணர்ச்சியை ஆராயப் போனவரும் அவரே.

காஞ்சிபுரத்தை அடுத்து, வேகவதி ஆற்றங்கரையில் இருக்கிறது ஜினகாஞ்சி எனப்படும் சமணத் தலம், திருப்பருத்திக்குன்றம். செடிகொடிகளை ஓரறிவுயிர் என்கிறது சமணம். அந்த ஓர் அறிவு தொடுவுணர்ச்சி. அப்படியென்றால் தொடாமல் அளக்கும் கருவி, செடிக்கு இருக்கும் ஒரே புலனையும் தொந்தரவு செய்யாமல் விடுகிறது. எனக்கு இது சிறிய விஷயமாகப் படவில்லை.

ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. கேலிப்ரேஷன் ஆகாத கருவியை எங்கள் பிரிவில் யாரும் நம்ப மாட்டோம். இவ்வளவு ஒளி திரும்பினால் இவ்வளவு நீர் என்று கருவிக்குச் சொல்லிக்கொடுக்க, முதலில் ஏராளமான இலைகளை வெட்டி, ஓவனில் காயவைத்து, எடை போட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது. நோகாத அளவீட்டுக்கு அடியில் நொந்த இலைகள் கிடக்கின்றன.

சமணம் இந்தச் சங்கடத்தை அறியும். துறவிக்கு முழுமையான மகாவிரதம், இல்லறத்தானுக்கு அளவோடு அணுவிரதம். உழுது சமைத்து வாழ்கிறவனால் ஓரறிவுயிருக்குத் தீங்கே செய்யாமல் இருக்க முடியாது. தேவைக்கு மேல் செய்யாதே என்பதுதான் அவனுக்கான விதி. அதே வேகவதி பாலாற்றில் சேரும் திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டுச் சோழ மன்னன் வீரராசேந்திரனின் கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆதுலசாலையை, அதாவது மருத்துவமனையை, சொல்கிறது. மூலிகை கொண்டுவர அங்கே ஆட்கள் இருந்தார்கள். பறிக்காமல் மருந்தில்லை. நோயாளிக்காகப் பறித்ததை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

அறிவுக்காக வெட்டுவதையும் அந்த அளவில் ஏற்கிறேன். ஏற்க முடியாதது, ஒருமுறை வெட்டித் தெரிந்துகொண்டதைப் பூட்டி வைப்பது. ஒரு பயிருக்குக் கேலிப்ரேஷன் செய்து முடித்த ஆராய்ச்சியாளர்களையும் கருவி செய்பவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் கணக்கை எல்லோருக்கும் கொடுங்கள். அதே பயிரில் அதே இலைகளைப் பக்கத்து ஆய்வகம் மறுபடி வெட்ட வேண்டாம்.