எழுத்துக்கு என்ன கூலி?

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளை அண்டா இருக்கிறது. அதன் கழுத்தில் என் பாட்டியின் பெயர் வெட்டியிருக்கும். பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுத்தான். அவள் பெயர் எழுத்தாக எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது அந்த அண்டாவில் மட்டுமே.

அந்த நினைவோடுதான், தங்கை மகள் கலியாணத்துக்குத் தாய்மாமன் சீராகப் பாத்திரம் வாங்கக் கும்பகோணம் போனேன். கடை வாசலில் பெயர் வெட்டும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் மின்சார ஊசி. மறுபக்கம் துணியில் சுற்றிய நாலைந்து உளிகளும் ஒரு சின்னச் சுத்தியலும்.

பித்தளைக் குடத்தை நீட்டி, "இதற்கு மட்டும் கையாலேயே வெட்டுங்கள்" என்றேன்.

"நேரமாகும். எழுத்துக்குக் கூலியும் கூட" என்றார்.

சம்மதித்தேன். துண்டுக் காகிதத்தில் இருந்த பெயரைப் படித்துவிட்டு, "சௌந்தரியாவா, சௌந்தர்யாவா? நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். இங்கே அழிப்பதற்கு ரப்பர் கிடையாது" என்றார். நாள் முழுவதும் எழுதி எழுதிக் கிழித்துப் போடுகிற எனக்கு அது சுருக்கென்று தைத்தது.

குடத்தை மடியில் அணைத்துக்கொண்டு அவர் வேலையைத் தொடங்கினார். வளைந்த வயிற்றின் மேல் கோடு போடாமலே எழுத்துக்கள் ஒரே வரிசையில் வந்தன. ஆனைமங்கலச் செப்பேடுகள் என் நினைவுக்கு வந்தன. மொத்தம் 21 ஏடுகள். நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்துக்கு இராசராச சோழன் ஊர் கொடுத்த செய்தியைச் சொல்பவை. ஆணையிட்டவன் அரசன். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கடந்து அந்த ஆணையை நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தவன் உளி பிடித்தவன் அல்லவா?

அந்த வேகத்தில், "பெரியவரே, இந்தக் கலை அழியக் கூடாது. உங்கள் மகனுக்குக் கற்றுக் கொடுத்திருக்கிறீர்களா?" என்று கேட்டுவிட்டேன்.

சுத்தியல் நின்றது. "அவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். மாதம் பிறந்தால் சம்பளம். ஐயாவுக்குப் பிள்ளை உண்டா?"

"ஒருவன். கல்லூரியில் படிக்கிறான்."

"அனுப்பி வையுங்கள். காசு வாங்காமல் கற்றுத் தருகிறேன்."

அவர் குரலில் கேலி இல்லை. அதனாலேயே எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

திரும்பும்போது ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். முன்பெல்லாம் வீட்டில் விசேஷம் என்றால் தெருவெல்லாம் பாத்திரம் இரவல் வாங்குவோம். எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. பெயர் வெட்டுபவருக்கு வேலை இருந்தது. இன்று சமையல் ஒப்பந்தக்காரர் பாத்திரத்தோடு வந்து இறங்குகிறார். உளிக்கு இடங்கொடுத்த பித்தளை போய், கடினமான எவர்சில்வர் வந்தது. அதற்கு மின்சார ஊசி வந்தது. இப்போது லேசர் இயந்திரமும் வந்துவிட்டது. கோயில் கவசங்களிலும் வெள்ளி வேலையிலும் நல்ல உளிக்கு இன்னும் மதிப்பு உண்டு என்பது மெய்தான். ஆனால் அந்த இடங்கள் கொஞ்சம். அங்கே போய் அமரும் அளவுக்குக் கை பழகப் பல ஆண்டுகள் வேண்டும். அதுவரை வயிற்றுக்கு யார் பொறுப்பு?

கலை வாழ வேண்டும் என்பது நல்ல ஆசை. அது யாருடைய பிள்ளையின் சோற்றில் வாழ வேண்டும் என்பதுதான் கேள்வி. தகப்பன் தொழிலில் மகனைக் கட்டிப் போட்ட பழைய வழக்கத்தை மேடைதோறும் கண்டிக்கிறோம். தொழில் அழகாக இருந்துவிட்டால் மட்டும், அதே கயிற்றை நாமே எடுத்துக்கொண்டு வருகிறோம்.

அப்படியானால் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாமா? அதற்கும் மனம் ஒப்பவில்லை. ஆனால் ஒன்று தெளிவாயிற்று: கலையைக் காப்பாற்று என்று சொல்லும் உரிமை, அதற்குரிய கூலியைக் கொடுப்பவனுக்கே உண்டு. அன்று நான் வாங்கியவை பதினொரு பாத்திரங்கள். கையால் வெட்டச் சொன்னது ஒன்றுக்கு. மற்றப் பத்துக்கும் மலிவான ஊசி. பாராட்டை அள்ளிக் கொடுத்துவிட்டுக் கூலியில் மிச்சம் பிடித்தவன் நான்.

சீர்வரிசையை இறக்கி வைத்தபோது, தங்கை மகள் குடத்தில் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மாமா, இதில் மட்டும் எழுத்து விரலில் தட்டுப்படுகிறதே!" என்றாள்.

மற்றப் பத்தைப் பற்றி அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.