வலமும் முதுநாயும்

உயிர்கள்பால் இரக்கமும் சிவபத்தியும் வேறல்ல என யாம் பன்முறை பேசியுள்ளோம், எழுதியும் உள்ளோம். அஃது எம் நெஞ்சிற் படிந்திருந்ததோ எனின், இல்லை என்பதைச் சென்ற பங்குனியில் ஒரு முதுநாயால் அறிந்தோம்.

எம் இல்லத்து நாய்க்கு அகவை 13. திருவண்ணாமலையை வலம்வரும் 14 கிலோமீட்டர் வழியில் அது பல்லாண்டு எம்முடன் நடந்தது. முதற்கண் முன்னே ஓடித் திரும்பி நின்று எம்மை நோக்கும்; பின்னர் அருகே நடந்தது; இப்பொழுது பின்னே வருகின்றது. முகம் நரைத்தது, கண்களிற் படலம் படர்ந்தது, அமர்ந்தாற் பின்னங்கால்கள் எளிதில் எழா. (எம் முழங்கால்களும் அத்தன்மையவே, அது நிற்க.)

அன்று எமக்கு 100ஆவது வலம். வைகறையில் இந்திரலிங்கத்தை வணங்கிப் புறப்பட்டோம். அக்கினிலிங்கத்தையும், பசு, மான், காகம், நாய் இவற்றிற்குச் சமாதி எடுத்துள்ள இரமணாசிரமத்தையும் கடந்தோம். எமலிங்கத்தருகே அது நீர் பருகிற்று. நிருதிலிங்கத்தை அணுகுங்கால் வெயில் ஏறிற்று. அது நாத் தொங்க மூச்சிரைத்து நிழலிற் படுத்துவிட்டது. அழைத்தோம், வாலை மட்டும் அசைத்தது. மக்களைப்போல் மெய்ம்முழுதும் வியர்த்து வெப்பந் தணித்தல் நாய்க்கு இயலாது. மூச்சிரைத்தலே அதற்குப் பெரிதும் வழி. இதனை அறிந்திருந்தும், வலத்தை முடித்துப் பின்னர் வந்து அழைத்துச் செல்வோம் எனத் துணிந்து பத்தடி நடந்தோம். பின்னே மண்ணில் ஏதோ தேயும் ஒலி கேட்டது. திரும்பினோம். அது பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு எம்மைத் தொடர்ந்து வந்தது. தன்னைத் தொடர்ந்த நாயை விட்டுத் துறக்கம் புகத் தருமன் இசைந்திலன் எனப் பாரதம் கூறும். யாமோ ஓர் எண்ணின்பொருட்டு விடத் துணிந்தோம்!

ஓர் ஆட்டோவை நிறுத்தி, அதனை மடிமேற் கிடத்தி இல்லம் மீண்டோம். வலம் முற்றவில்லை.

"அறிவில்லா விலங்கின்பொருட்டு வலத்தைக் குலைத்தல் தகுமோ? அதற்கு வலத்தால் ஆவதென்னை?" என நண்பர் ஒருவர் கடாயினார். அற்றன்று. உயிரென்னும் அளவில் அதுவும் யாமும் ஒப்போம். இருவேமும் அநாதியே ஆணவத்தாற் பிணிப்புண்டோம். வேற்றுமையெல்லாம் வினைக்கேற்ப மாயையினின்றும் வந்த உடல் கருவிகளின் கண்ணதே. சிவபுண்ணியந்தானும் அறிந்து செய்யும் புத்திபூர்வம், அறியாது செய்யும் அபுத்திபூர்வம் என இருவகைத்து. திருமறைக்காட்டில் விளக்கின் நெய்யுண்ண வந்த எலி, மூக்குச் சுடத் திரியைத் தூண்டிவிட்டு, அதனால் மாவலியாய்ப் பிறந்து அரசாண்டமை புராணம். விளக்கேற்ற அது கருதிற்றிலது. எம் நாயும் மலையைக் கருதி நடந்ததன்று. எம்மைக் கருதியே நடந்தது. ஆயினும் அதன் அடிகள் மலையைச் சூழ்ந்தன. யாம் அறிந்தே நடந்தோம். எதனை அறிந்து? 99 வலங்களையும் 'யான் செய்தேன்' என நாள்வாரியாக ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தோம்! அஃது எவர் கணக்கு என்பது அப்பத்தடியில் விளங்கிற்று.

அக்குறிப்பேட்டில் அதன்பின் எழுதவில்லை. இப்பொழுது விடியுமுன் அக்கினிலிங்கம் நோக்கிப் புறப்படுகின்றோம். அது வருமளவே யாமும் செல்கின்றோம். நேற்றுப் பாதி வழியிலேயே அமர்ந்துவிட்டது. யாமும் அருகே அமர்ந்தோம். அவ்விடத்தினின்றும் மலை நன்கு தெரிந்தது.