கயிலை திருப்பி அனுப்பிய அடியார்கள்

சைவ மக்களின் வாழ்விலே கயிலை என்ற சொல் பிறப்பு முதல் இறப்பு வரை கூடவே வருவதாகும். பிள்ளைகளுக்குக் கைலாசநாதன், கைலாசபிள்ளை என்று பெயரிடுகிறோம். திருக்கோணேஸ்வரத்தைத் தட்சிண கைலாயம் எனப் போற்றுகிறோம். திருவிழாவிலே கைலாச வாகனத்தின் கீழ் இராவணன் தலைகளோடும் கைகளோடும் சுமந்து நிற்பதைச் சிறுவர்கள் வாய் திறந்து பார்க்கிறார்கள். இவ்வளவு பழக்கமான கயிலை, நிலப்படத்திலே குறிக்கக்கூடிய ஒரு மலையாகவும் இருக்கிறது என்பதும், அங்கே போகும் வழி எத்தகையது என்பதும் அண்மைக் காலத்திலேதான் நம்மவர் பலருக்குத் தெரியவந்தது. பணமும் பக்தியும் இருந்தால் போய்வரலாம் என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். வேறொன்றும் வேண்டும். அதைப் பற்றியதே இச்சிந்தனை.

கயிலை மலை இமயத் தொடருக்கு அப்பால், சீன ஆட்சிக்குட்பட்ட திபெத்தின் மேற்குப் பகுதியில் உள்ளது. உயரம் 6,638 மீற்றர். சிந்து, சட்லெஜ், பிரமபுத்திரா, கர்ணாலி ஆகிய நான்கு பேராறுகளும் அதனைச் சூழ்ந்த பிரதேசத்திலேயே தோன்றுகின்றன. மலைக்குத் தெற்கே மானசரோவர் ஏரி 4,590 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இலங்கையின் மிக உயர்ந்த மலையாகிய பீதுறுதாலகாலை 2,524 மீற்றர்தான். அதன் உச்சிக்கும் மேலே இரண்டாயிரம் மீற்றர் ஏறினால்தான் அந்த ஏரியின் நீர்மட்டம் வரும் என்பதை நினைத்துப்பார்க்க வேண்டும். எவரெஸ்ட் சிகரத்தில் 1953 இல் மனிதன் கால் பதித்தான். அதைவிட மிகவும் தாழ்ந்த கயிலையின் உச்சியை இன்றுவரை எவரும் மிதித்ததில்லை. இந்துக்கள் மட்டுமன்றிப் பௌத்தர், சமணர், திபெத்தின் பழைய போன் சமயத்தவர் ஆகிய நாற்சமயத்தாரும் அதனைப் புனிதமாகக் கொள்கின்றனர். ஏறுவதற்கான மலை அல்ல, சுற்றுவதற்கான மலை என்பதே அவர்கள் எல்லோரது முடிபுமாகும்.

போகும் வழிகள் பல. இந்திய அரசு 1981 முதல் லிபுலேக் கணவாய் வழியாகவும், 2015 முதல் நாதுலா கணவாய் வழியாகவும் யாத்திரிகரை அனுப்பிவந்தது. பெருந்தொற்றினால் 2020 இல் நின்ற அந்த யாத்திரை 2025 இல் மீண்டும் ஆரம்பமானது. அது இந்தியப் பிரசைகளுக்கு மட்டுமே உரியது. நம் நாட்டவர் நேபாளம் வழியாகச் செல்லலாம். நேபாளத்தின் வடமேற்கு மூலையிலுள்ள ஹும்லா மாவட்டத்தின் ஊடாகச் செல்வது ஒரு பழைய வழி. 3,000 மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரத்திலுள்ள சிமிகோட் என்ற ஊரில் இறங்கி, கர்ணாலி ஆற்றை ஒட்டி ஐந்தாறு நாட்கள் நடந்து, நாரா லா என்னும் 4,500 மீற்றர் அளவிலான கணவாயை ஏறிக் கடந்து, எல்லையிலுள்ள ஹில்சாவை அடைவர். வழியெல்லாம் கூடார வாசம். கூடாரம், அடுப்பு, அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் யாவும் கோவேறு கழுதைகளின் முதுகிலே வரும். இருட்டுமுன் கூடாரம் அடிக்க வேண்டும். உயரே போகப்போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால் சோறு வேகாது. பிரஷர் குக்கர் இல்லாவிட்டால் பல்லில் நெரியும் அரிசிதான் அன்றைய அமுது. இரவிலே போத்தல் தண்ணீர் உறைந்துவிடும். நம்மூரில் மார்கழித் திருவெம்பாவைக்குக் காலையில் குளிப்பதையே பெரிய தவமாகக் கருதுபவர்கள் இதைக் கவனிக்கவும்!

இப்பொழுது அந்த நடையைப் பெரும்பாலானோர் நடப்பதில்லை. 200 மீற்றர் உயரமும் இல்லாத நேபாளகஞ்ச் என்ற சமவெளி நகரிலிருந்து சிறுவிமானம், பின் ஹெலிகொப்டர் என்று மாறி, 3,700 மீற்றர் அளவிலுள்ள ஹில்சாவில் மிகக் குறுகிய நேரத்தில் இறங்கிவிடுகின்றனர். முழங்கால் தப்பியது என்று மகிழ்கின்றனர். ஆனால் நடந்து போனவனின் உடம்பு ஒவ்வொரு இரவும் சிறிது சிறிதாக மெல்லிய காற்றுக்குப் பழகிக்கொண்டது. பறந்து போனவனின் உடம்புக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 3,000 மீற்றருக்கு மேலே ஓர் இரவுக்கும் மறு இரவுக்கும் இடையில் தங்குமிடத்தின் உயரத்தை 500 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது என்பது வைத்தியர்கள் வகுத்த விதி. மீறினால் முதலில் தலையிடி, பசியின்மை, சத்தி, நித்திரையின்மை. அதையும் பொருட்படுத்தாமல் மேலே போனால் நுரையீரலில் நீர் கோக்கும், அல்லது மூளை வீங்கும். பெரியவர், சிறியவர், தேகாப்பியாசம் செய்தவர், செய்யாதவர் என்ற பேதம் அதற்குக் கிடையாது. கீழே இறக்குவதுதான் அதற்கு முதல் மருந்து. தாமதித்தால் சில மணி நேரத்திலேயே உயிர் போகக்கூடும்.

இனி மலையை வலம்வரும் பாதை. சுற்றளவு ஏறத்தாழ 52 கிலோமீற்றர். மூன்று நாட்கள். தார்ச்சென் என்னும் ஊரிலிருந்து புறப்பட்டு மேற்குப் பள்ளத்தாக்கின் ஆற்றை ஒட்டி நடந்து, முதல்நாள் மாலை திராபுக் என்ற இடத்தில் தங்குவர். கயிலையின் வடமுகம் அங்கே நேரெதிரே நிற்கும். கறுத்த பாறைச் சுவரும் அதன்மேல் வெண்பனியும், இடையில் எதுவுமே இல்லாமல், அடி முதல் முடி வரை தெரியும். இரண்டாம் நாள்தான் சோதனை. விடியுமுன் எழுந்து, 5,600 மீற்றருக்கும் மேற்பட்ட தோல்மா லா கணவாயை ஏறிக் கடக்க வேண்டும். தோல்மா என்பது திபெத்தியர் வணங்கும் தாரா தேவியின் பெயர். ஆகவே அது அம்மை காக்கும் வாசல். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதிதான். பத்து அடி வைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். கணவாய்க்கு இப்பால் ஓரிடத்திலே திபெத்தியர் தங்கள் உடுப்பு, தலைமயிர் முதலியவற்றை விட்டுச் செல்வர். பழைய பிறவி அங்கே கழிந்தது என்பது பொருள். அப்பால் இறங்கும் வழியில் கௌரி குண்டம். பின் மாலைவரை நடை. திபெத்தியர் பலர் முழுச் சுற்றையும் ஒரே நாளில் நடந்து முடித்துவிடுவர். சிலரோ தோல் அங்கி அணிந்து, உள்ளங்கைகளில் மரக்கட்டைகளைக் கட்டிக்கொண்டு, நிலத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழுந்து, விழுந்த இடத்திலிருந்து மீண்டும் விழுந்து, வாரக்கணக்கில் சுற்றுவர். சேக்கிழார் பெருமான் அப்பர் சுவாமிகளின் கயிலைப் பயணத்தைப் பாடியதைக் கற்பனை என்று எண்ணுபவர்கள் அதை ஒருமுறை காண வேண்டும்.

திராபுக்கிலே மாலையில் ஒரு காரியம் நடக்கும். வழிகாட்டி ஒவ்வொரு கூடாரமாக வந்து முகங்களைப் பார்ப்பார். உதடு நீலமாக இருக்கிறதா, பேச்சுக் குழறுகிறதா, சாப்பிட்டாரா என்று கவனிப்பார். பின்பு, நீங்கள் நாளைக்கு வரவேண்டாம், திரும்புங்கள் என்று சிலரிடம் சொல்லுவார். கணவனுக்குத் தடை, மனைவிக்கு அனுமதி என்றும் அமைவதுண்டு. எத்தனையோ வருடம் சேமித்து, விரதம் காத்து, ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தவர் அந்தச் சொல்லைக் கேட்டு அழுவார். எனக்கு ஒன்றுமில்லை என்று தலையிடியை மறைப்பார். கயிலையில் உயிர் போனால் அதுவும் பாக்கியந்தானே என்று வாதாடுவார். உண்மையில் அவரைத் தடுப்பது பக்தியா, அல்லது திரும்பிப் போய் ஊரவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கமா என்பது அவருடைய மனத்துக்கே தெரிந்தது.

இந்த இடத்தில் நம் நாட்டரசன் ஒருவன் நினைவுக்கு வருகிறான். இலங்கை வேந்தன் இராவணன் புட்பக விமானத்தில் கயிலைக்கு மேலாகப் போக முயன்றான். விமானம் நகரவில்லை. இது எம்பெருமான் உறையும் மலை, திரும்பிப் போ என்று நந்திதேவர் சொன்னார். திரும்பு என்ற சொல்தான் அவனுக்குப் பொறுக்கவில்லை. மலையையே பெயர்க்கக் கைகளை நுழைத்தான். பெருமான் கால்விரலால் ஊன்ற, நசுங்கி அலறிப் பின் சாமகீதம் பாடி அருள் பெற்றான். திருஞானசம்பந்தப் பிள்ளையார் தம் பதிகங்களில் எட்டாம் பாடலில் இவனை நினைப்பதை மரபாகவே கொண்டார். மானசரோவருக்கு மேற்கே அவன் பெயரால் இராட்சத தாலம் என்ற ஏரியும் உண்டு. யாத்திரிகர் அதில் நீராடுவதில்லை. வாகனத்தில் வந்ததும் திரும்ப மறுத்ததும் அந்தப் புராணத்தில் ஒருங்கே இருப்பது இக்காலத்தவருக்கு எழுதிவைத்தது போலவே தோன்றுகிறது.

அப்படியானால் அப்பர் பெருமானும் மறுத்தாரே என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். காளத்தியில் கயிலை நினைவு எழ, முதுமையிலே புறப்பட்டார் அவர். ஸ்ரீசைலத்தைக் கடந்து காசியை அடைந்தார். உடன் வந்தவர்களை அங்கே விட்டுத் தனியே நடந்தார். பாதம் தேய்ந்தபின் கையால் தவழ்ந்து, கை தேய்ந்தபின் மார்பால் ஊர்ந்து, பின் புரண்டு, அதுவும் இயலாமல் கிடந்தார். அப்பொழுது முனிவர் ஒருவர் வந்து, கயிலை மானிடர் சேரத்தக்கதன்று, மீளும் என்றார். எம்பெருமானைக் காணாமல் இந்த உடலோடு மீளேன் என்று அப்பர் மறுத்தது உண்மையே. ஆனால் கதை அதோடு முடியவில்லை. முனிவர் மறைந்தார். ஆகாயத்தில் எழுந்த திருவாக்கால் தேய்ந்த உடம்பு மீண்டது. இப்பொய்கையில் மூழ்கித் திருவையாற்றிலே நம்மைக் காண்பாய் என்ற ஆணையும் கிடைத்தது. புதிய உடம்பு கிடைத்துவிட்டதே, இன்னும் நாலு நாள் நடந்தால் போதுமே என்று அப்பர் சொல்லவில்லை. மூழ்கினார். ஐயாற்றுக் குளத்திலே எழுந்தார். யானையும் பிடியுமாக, கோழியும் பெடையுமாக எதிர்ப்பட்ட இணைகளெல்லாம் சிவமும் சக்தியுமாகத் தோன்ற, கயிலைக் காட்சி கண்டு பதிகம் பாடினார். ஆடி அமாவாசையில் திருவையாற்றிலே அவ்விழா இன்றும் நடைபெறுகிறது.

அப்பர் எதையும் மறைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவர் பொருட்டு வேறோர் உயிர் ஆபத்துக்கு உள்ளாகவுமில்லை. காசியிலேயே மற்றவர்களை விட்டுவிட்டார். கணவாயின் நடுவே விழுகின்ற ஒருவரைச் சுமந்து இறக்குவதற்கோ நான்கு சுமைகாரர் தம் உயிரைப் பணயம் வைக்க வேண்டும். கூட்டம் முழுவதும் குளிரிலே காத்து நிற்கவேண்டும். இமயத்தின் வழி இலேசானதன்று. 1998 ஆவணியில் லிபுலேக் பாதையிலுள்ள மால்பா என்ற இடத்தில் மலை சரிந்து, யாத்திரிகரும் ஊரவரும் உதவியாளருமாக 200 பேருக்கு மேல் மாண்டனர். 2018 ஆடியில் காலநிலை கெட்டு ஹில்சாவிலும் சிமிகோட்டிலும் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் முடங்கிக் கிடந்தனர். இவை எவருடைய பிழையுமல்ல. ஆனால் தலையிடியை மறைப்பது பிழை. உடம்பை இறைவன் குடியிருக்கும் இடமெனக் கண்டு பேணியவர் திருமூல நாயனார். அவரும் கயிலையிலிருந்து தெற்கே வந்தவரே.

உண்மையில் கயிலை வரலாறுகளைத் தொகுத்துப் பார்த்தால், அது அடியார்களைத் திருப்பி அனுப்பிய மலை என்றே சொல்லலாம். அம்மையப்பர் திருமணத்துக்கு எல்லோரும் கூடியபோது, அகத்தியரை மட்டும் தெற்கே போகச் சொன்னார் பெருமான். உலகம் சமநிலை பெற ஒருவர் திருமணத்தைக் காணாமல் போகவேண்டியிருந்தது. காரைக்கால் அம்மையார் காலால் மிதிக்க அஞ்சித் தலையாலே நடந்து போனார். அம்மையே என்று பெருமான் அழைத்த பெரும்பேறு பெற்ற அவரையும் அங்கே இருத்திக்கொள்ளவில்லை. ஆடலைக் காணத் திருவாலங்காட்டுக்கு அனுப்பினார். இவர்களில் எவரைத் தோற்றவர் என்று சைவ உலகம் சொல்லியிருக்கிறது? அப்படியிருக்க, திராபுக்கிலிருந்து திரும்பிய ஒருவரைப் பார்த்து, பாதியில் வந்துவிட்டாராம் என்று கோயில் வீதியிலே நின்று கதைப்பது நமக்கு அழகா? அந்தக் கதைக்குப் பயந்துதான் சிலர் மேலே போகிறார்கள்.

வலம் முறிந்துவிட்டதே என்ற குறை ஒன்று உண்டு. வலப்பக்கமாக இருந்த மலை, திரும்பும்போது இடப்பக்கமாகிவிடும். போன் சமயத்தவரோ எப்பொழுதும் இடமாகவே அம்மலையைச் சுற்றுகின்றனர். அவர்களுக்கும் அது தன் முகத்தை மறைப்பதில்லை. மேலும் திரும்புபவர் மேற்குப் பள்ளத்தாக்கு வழியே இறங்கும்போது மலை நெடுந்தூரம் கூடவே வரும். களைத்தால் ஒரு கல்லிலே இருந்து ஆறுதலாகப் பார்க்கலாம். கணவாயைக் கடந்தவர்களுக்குக் கிழக்குப் பள்ளத்தாக்கில் அது பெரும்பாலும் கண்ணுக்கு மறைந்துவிடும்.

மூன்றாம் நாள் அவர்கள் தார்ச்சென்னுக்கு இறங்கி வருவார்கள். உதடு வெடித்து, முகம் கறுத்து, பேசவும் சக்தியின்றி வருவார்கள். திரும்பிய கணவன் சுடச்சுடத் தேநீரை மனைவியின் கையில் கொடுத்து, உச்சியில் நின்று பார்க்கும்போது மலை எப்படி இருந்தது என்று ஆவலோடு கேட்பான். அங்கேயிருந்து மலை தெரியாது என்பாள் அவள்.