நீளமா, தூரமா?

விமானத்தை இழுத்து நீளமாக்க முடியுமா? 'அதென்ன ரப்பரா?' என்று சிரிக்காதீர்கள். முடியும்!

போயிங் கம்பெனியின் 787-9 விமானம் சுமார் 63 மீட்டர் நீளம். இன்னும் நாற்பது பேரை ஏற்றலாமே என்று, அதையே நீட்டி 787-10 செய்யப்போவதாக 2013-ம் வருடம் பாரிஸ் விமானக் கண்காட்சியில் அறிவித்தார்கள். இறக்கைக்கு முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று மொத்தம் 5.5 மீட்டர் உடம்பு வளர்ந்தது. இறக்கையின் அகலம் பழையபடி 60 மீட்டர்தான்.

இன்னொன்றும் மாறவில்லை. தரையை விட்டுக் கிளம்பும்போது இருக்கலாம் என்கிற உச்ச எடை. அப்போது இரண்டுக்குமே சுமார் 254 டன்!

இப்போ கணக்குப் போடுங்க. உடம்பு கூடிவிட்டது, ஆட்களும் கூடிவிட்டார்கள். எடை மட்டும் கூடக் கூடாது. எதில் கை வைப்பது? எரிபொருளில்தான். சுமார் 14,000 கிலோமீட்டர் பறக்கும் வம்சத்தில் பிறந்தது, 12,000-க்குள் நின்றுபோனது.

இது தோல்வியா? இல்லை. 'நிறையப் பேர் போகிற ஊர்கள் இந்தத் தூரத்துக்குள்ளேயே இருக்கின்றன' என்று தெரிந்தே எடுத்த முடிவு. 2018-ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் முதலில் வாங்கி ஒசாகாவுக்கும் பெர்த்துக்கும் விட்டது. இடம் நிரம்பப் போனால் தலைக்கு ஆகும் எரிபொருளும் குறைவு.

உங்கள் வீட்டிலும் ஒரு 787-10 இருக்கலாம். தம்பி படிப்பு, தங்கை கல்யாணம், அம்மாவின் மருந்து என்று ஏற்றிக்கொண்டே போனவர். அது நீங்களாகவும் இருக்கலாம். 'இவங்களாலதான் நான் தூரம் போகலை' என்று ராத்திரியில் மனசு முணுமுணுக்கிறதா?

ஒன்று யோசியுங்கள். நீட்டியது யார்? பயணிகளா? சீட்டைப் போட்டவர்கள் கம்பெனிக்காரர்கள். ஏறி உட்கார்ந்தவரிடம் போய், 'உன்னாலதான் 2,000 கிலோமீட்டர் போச்சு' என்று சண்டை போட்டால் நியாயமா?

அதற்காக, கேட்டவர்களை எல்லாம் ஏற்றிக்கொள்ளணும் என்று சொல்லவில்லை. உங்கள் 254 டன் எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். முடியாதென்றால் ஏற்றும் முன்பே சொல்லிவிடுங்கள். அதில் பாவமில்லை. ஏற்றிவிட்டு, வழியெல்லாம் குத்திக்காட்டுவதுதான் பாவம்.

தியாகம் என்று ஒன்றைச் செய்துவிட்டு அதற்கு பில் அனுப்பினால், அது தியாகமில்லைங்க. வியாபாரம்!