தோப்புக்கரணம் போட்ட பெருமாள்!

ஒருமுறை கயிலாயத்துக்கு மகாவிஷ்ணு வந்திருந்தார். குழந்தை கணபதி ஓடி வந்து மாமாவின் மடியில் ஏறிக்கொண்டது. கையில் பளபளவென்று சுழலும் சக்கரத்தைப் பார்த்தது. குழந்தைக்கு எது கிடைத்தாலும் வாய்க்குத்தானே போகும்? லபக்கென்று விழுங்கப் பார்த்தது!

அதட்டி வாங்க முடியுமா? எதிரே இருப்பது விக்னேஸ்வரன் ஆயிற்றே! கெஞ்சினாலும் வாயைத் திறக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தால்தான் சக்கரம் வெளியே விழும். பெருமாள் யோசித்தார். நான்கு கைகளாலும் காதுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார், எழுந்தார். மாமாவின் கோலத்தைப் பார்த்த குழந்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சக்கரம் கீழே விழுந்தது.

'தோர்பி: கர்ணம்' என்றால் கைகளால் காதைப் பிடிப்பது. அதுதான் நம் வாயில் தோப்புக்கரணம் ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். கவனித்தீர்களா? முதல் தோப்புக்கரணம் தண்டனையாகப் போடப்பட்டதல்ல, ஒரு குழந்தையைச் சிரிக்க வைக்கப் போட்டது! வீட்டுப்பாடம் எழுதாத பையனுக்கு 'போடுடா ஐம்பது' என்று அதைத் தண்டனையாக்கியது நாம்தான்.

உடற்பயிற்சி விஷயத்திலும் இதேதான் நடக்கிறது. உபன்யாசம் முடிந்து பிரசாதம் வாங்க வரும் மாமிகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். "டாக்டர் தினம் அரைமணி நடக்கச் சொல்லிட்டார் மாமா. சுகர் எல்லையிலே நிக்கறதாம். நாலு நாள் போனேன். அப்புறம் மழை, அப்புறம் நாத்தனார் வந்தா... அப்படியே நின்னு போச்சு." டாக்டர் சொன்னது அவர் காதில் தண்டனையாக விழுந்திருக்கிறது. தண்டனையை யார்தான் ஆசையாக அனுபவிப்பார்கள்?

ஆனால் அதே மாமியை அமாவாசையும் திங்கட்கிழமையும் சேர்ந்து வருகிற நாளில் பாருங்கள். அரசமரத்தை 108 சுற்று வருவார். எண்ணிக்கை தவறாமல் இருக்கச் சுற்றுக்கு ஒன்றாகக் கல்கண்டோ, பழமோ வைத்துக்கொண்டே போவார். அறுபது ஆயிற்றா, எழுபது ஆயிற்றா என்று பக்கத்தில் வருபவரோடு ஒரு சின்னப் போட்டிகூட இருக்கும். முடித்துவிட்டு, "கால் வலிக்கவே இல்லை" என்பார். நடந்தது அதே கால்கள்தான்!

"காலையிலிருந்து ராத்திரி வரை நின்னுண்டே இருக்கேனே, அது போதாதா?" என்று ஒரு கேள்வியும் வரும். நியாயமான கேள்வி. அம்மியும் உலக்கையும் கிணற்றுக் கயிறும் இருந்த காலத்தில் போதும் என்றே சொல்லியிருக்கலாம். இன்று மிக்ஸியும் வாஷிங் மெஷினும் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. நிற்பது மட்டும் நமக்கு மிச்சம்! நின்றால் கால் வீங்கும், இதயத்துக்கு வேலை கிடைக்காது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது. மிதம் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. அவ்வளவுதான் அளவு.

பேசுவதற்கு ஆள் வேண்டுமே! அங்கேதான் ஆண்டாள் வழிகாட்டுகிறாள். மார்கழி விடியலில் அவள் தனியாகக் கிளம்பிப் போய்விடவில்லை. திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் ஆறாவது தொடங்கிப் பதினைந்தாவது வரை, பத்துப் பாசுரங்கள், தூங்குகிற தோழிகளை எழுப்புவதற்கே போகின்றன. கொஞ்சுகிறாள், கேலி செய்கிறாள், கோபித்துக்கொள்கிறாள். உள்ளே படுத்திருப்பவளும் லேசுப்பட்டவள் இல்லை, பதில் பேசுகிறாள்! நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் வைராக்கியம் நான்கு நாளில் தளர்ந்துவிடும். வாசலில் வந்து நின்று ஒருத்தி கூப்பிட்டால் எழுந்துதான் ஆகவேண்டும். உங்கள் தெருவிலும் பகவான் ஒரு தோழியைக் கொடுத்திருப்பார். இன்று சாயங்காலமே கேளுங்கள்.

"எனக்காக ஒரு மணி நேரம் வெளியே போனால் வீட்டில் என்ன நினைப்பார்கள்?" என்ற உறுத்தல் பல பெண்களுக்கு உண்டு. திருமூலரைக் கேளுங்கள். முதலில் உடம்பை இழிவென்று எண்ணியிருந்ததாகவும், அதற்குள் இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணுவதாகவும் திருமந்திரத்தில் சொல்கிறார். பூஜையறை விளக்கைத் தேய்ப்பதற்கு யாரிடமாவது மன்னிப்புக் கேட்கிறோமா?

"கோயிலுக்குப் போன மாதிரியும் ஆச்சு, வாக்கிங் போன மாதிரியும் ஆச்சு என்பது தப்பா?" என்றால், என் அபிப்பிராயத்தில் தப்பே இல்லை. ஆனால் சந்நிதியைச் சுற்றிக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஓடவேண்டாம். நிறைமாத கர்ப்பிணி, எண்ணெய் நிறைந்த குடத்தைச் சுமந்து செல்வது போலப் பிரதட்சிணம் மெதுவாக இருக்கவேண்டும் என்பது நம் மரபு. வீட்டிலிருந்து கோயில்வரை தோழியோடு பேசிக்கொண்டு வேகமாக நடங்கள். பிராகாரத்துக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு மெதுவாக. சர்க்கரை உள்ளவர்கள் உச்சிவெயிலில் கல்தளத்தில் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். விடியற்காலையும் சாயங்காலமும் எதற்கு இருக்கின்றன?

கும்பகோணம் பக்கம் போனால் சுவாமிமலைக்குப் போய்வாருங்கள். அது இயற்கையான மலை இல்லை, கட்டுமலை. அறுபது படிகள், தமிழ் வருடங்கள் அறுபதுக்கும் ஒவ்வொன்றாக. பிரபவ, விபவ, சுக்ல... என்று பெயர் சொல்லிக்கொண்டே ஏறுங்கள். 1974 சித்திரைக்குப் பிறகு பிறந்தவர் என்றால் உங்கள் வருடம் ஆனந்த, நாற்பத்தெட்டாவது படி. அங்கே ஒரு நிமிடம் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம். பக்கத்தில் வருபவர் தன் படி எது என்று தேடுவார். கணவர் படி எது, பெண்ணின் படி எது, பேரன் படி எது என்று கணக்குப் போட்டு முடிப்பதற்குள் மேலே தகப்பன்சுவாமி தெரிவான்!

முழங்கால் வலிக்காரர்கள், 'படியே ஏற முடியாத எனக்கு என்ன?' என்று ஏங்க வேண்டாம். பிள்ளை உபதேசம் செய்த குருவாக மேலே இருக்க, தகப்பனார் சுந்தரேஸ்வரர் மீனாட்சியம்மையோடு கீழேயே இருக்கிறார். அவரை நிதானமாகச் சுற்றி வாருங்கள். மற்றவர்கள் இறங்கி வருவதற்குள் எத்தனை சுற்று ஆயிற்று என்று கல்கண்டை எண்ணிப் பார்க்கலாம்.