வாய் திறக்காத பாட்டு

2002இல் போர் நிறுத்தம் வந்த கையோடு சுவிசிலிருந்து ஊருக்கு வந்த என் மச்சான், சொக்லேட், சோப், தைலப் போத்தல் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய கறுப்புத் தட்டையும் கொண்டுவந்தார். பன்னிரண்டு அங்குல வினைல் இசைத்தட்டு. உயிலங்குளத்து இராணுவச் சாவடியிலும், அதைத் தாண்டிப் புலிகளின் சாவடியிலும் அதை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். என்ன பாட்டு என்று கேட்டார்கள். "இதில வார்த்தையே இல்லை" என்று இரண்டு இடத்திலும் மச்சான் ஒரே பதிலைத்தான் சொன்னார். பாட்டு என்றால் அது யாருக்காவது சார்பாக இருக்கவேண்டிய காலம் அது. இரண்டு பக்கமும் நம்பவில்லை, நம்பாமலே விட்டார்கள்.

மன்னார்ப் பெருநிலப் பக்கத்து அடம்பனில் எங்கள் வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது. போட்டுக் கேட்க ஊரிலேயே ஒரு பெட்டி இல்லை.

தட்டின் பெயர் 'சில்ட்ரன்', பிள்ளைகள். செய்தவர் ரொபேர்ட் மைல்ஸ். இயற்பெயர் ரொபேர்ட்டோ கொன்சீனா. இத்தாலியப் பெற்றோருக்கு 1969இல் சுவிற்சர்லாந்தில் பிறந்தவர். 1995 ஜனவரியில் இத்தாலியில் ஒரு சிறிய நிறுவனம் வெளியிட்ட இந்தத் தட்டு, அடுத்த வருடம் பத்துக்கும் மேற்பட்ட நாடுகளில் முதலிடத்துக்குப் போனது. உணவகமொன்றின் பின்கட்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்த மச்சானின் காதுக்கும் அந்த வருடந்தான் வந்தது.

இவ்வகை இசைக்கு ஐரோப்பாக்காரர் டிரான்ஸ், தன்னை மறந்த நிலை, என்று பெயர் வைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் ஜேர்மனியில், முக்கியமாகப் பிராங்போட்டில், உருப்பெற்றது. நிமிடத்துக்கு 130 அடிக்கு மேல் விழும். ஒரு சின்னச் சுரத்துண்டு திரும்பத் திரும்ப வரும். நடுவில் தாளம் சட்டென்று நின்றுபோகும். ஆடுகிற சனம் அந்தரத்தில் நிற்கும். பிறகு அடி மறுபடி விழும். எங்களுக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை. அம்மன் கோயிலில் உடுக்குச் சத்தத்துக்கு உரு வருவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அடி நின்ற கணத்தில் ஆடுகிறவரின் முகம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும்.

இந்தத் தட்டுப் பிறந்ததற்கு மைல்ஸ் இரண்டு காரணம் சொல்லியிருக்கிறார். நிவாரணப் பணிக்காக முன்னாள் யூகோஸ்லாவியாவுக்குப் போய்வந்த அவருடைய தகப்பன், அங்கே போரில் அகப்பட்ட பிள்ளைகளின் புகைப்படங்களைக் கொண்டுவந்தார். அவற்றைப் பார்த்த மனநிலையில் எழுந்தது அந்தப் பியானோ மெட்டு. இது ஒன்று. மற்றக் காரணம் வீட்டுக்குக் கிட்டியது. அக்காலத்து இத்தாலியில் சனிக்கிழமை இரவு முழுக்க ஆடிவிட்டு, களைப்போடும் போதையோடும் கார் ஓட்டிக்கொண்டு போன இளம்பிள்ளைகள் தெருவிலேயே செத்துக்கொண்டிருந்தார்கள். தாய்மார் குரல் எழுப்பினார்கள். கடைசியாக ஒரு அமைதியான மெட்டைப் போட்டு, பிள்ளைகளின் நெஞ்சுத்துடிப்பைத் தணித்து அனுப்பினால் என்ன என்று மைல்ஸ் யோசித்தார்.

ஆக, வீடு இழந்த பிள்ளைகளுக்காகப் பாதி, வீடு போய்ச் சேரவேண்டிய பிள்ளைகளுக்காகப் பாதி. ஒரே மெட்டு இரண்டுக்கும் பொருந்தியது ஐரோப்பாவின் அதிர்ஷ்டம்.

தட்டு வெளிவந்த அதே 1995 ஜனவரியில் எங்களுக்கும் ஒரு அமைதி கிடைத்தது. 8ஆம் திகதி சந்திரிகா அரசும் புலிகளும் போரை நிறுத்தினார்கள். ஏப்ரல் 19இல் திருகோணமலையில் கடற்படைக் கப்பல்கள் வெடித்ததோடு அது முடிந்தது. நூறு நாள் கணக்கு.

அதற்குப் பிறகு பெருநிலப் பக்கத்தில் எங்கள் இசைக் கருவி சைக்கிள்தான். பற்றறிக்கு அரசின் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவை ரயரோடு அழுத்தி, அதிலிருந்து இரண்டு வயரை றேடியோவுக்கு இழுப்போம். பெடலைக் கையால் சுற்றவேண்டும். சுற்றுவது சின்னப்பிள்ளைகளின் வேலை. பெரியவர்கள் குந்தியிருந்து பி.பி.சி. தமிழோசை கேட்பார்கள். எங்கே எத்தனை பிள்ளைகள் செத்தார்கள் என்று செய்தி வாசிக்கிறவர் சொல்லி முடிக்கும்வரை நாங்கள் கை ஓயக்கூடாது. கை சோர்ந்தால் குரல் இழுபடும். தலையில் ஒரு குட்டு விழும். ஒரே வேகத்தில் சுற்றுவது எவ்வளவு பெரிய கலை என்பது ஐரோப்பாவின் எந்த டீஜேக்கும் குறையாமல் எங்களுக்குத் தெரியும்.

நிவாரணக்காரர் எங்களிடமும் வந்தார்கள். 1990 முதல் மடுவிலும் பேசாலையிலும் ஐ.நா. அகதிகள் அமைப்பு திறந்த நிவாரண நிலையங்களை நடத்தியது. கூடாரத்துக்கு முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். 1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு மடுக் கோயில் வளவில் எறிகணை விழுந்து, தஞ்சம் புகுந்திருந்த முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்குள் பிள்ளைகளும் உண்டு. அதையும் படம் எடுத்தார்கள். படம் எடுத்தவர்களில் எத்தனை பேருக்குப் பியானோ வாசிக்கிற மகன் இருந்தானோ.

எங்களுக்குப் பாட்டுப் பஞ்சம் இருக்கவில்லை. றெக்கோடிங் பார்களில் ஒலிநாடா ஒலிநாடாவாகப் பதிந்து விற்றார்கள். ஒவ்வொரு பாட்டிலும் வார்த்தை நிறைந்திருக்கும்: செத்தவரின் பெயர், செத்த இடம், கொன்றவன் யார், இனி என்ன செய்யப்போகிறோம். கேட்டு அழுதிருக்கிறோம், மெட்டு நல்ல மெட்டுத்தான். 2009இல் போர் முடிந்த பிறகு சனம் அந்த நாடாக்களைப் புதைத்தது, எரித்தது. இன்றைக்கு அவற்றில் ஒன்றை ஒலிபெருக்கியில் போட ஒரு துணிச்சல் வேண்டும். பெயர் சொன்ன பாட்டின் கதி இது. யாரையும் பெயர் சொல்லாத பாட்டு இன்னும் உலகம் முழுக்க ஓடுகிறது.

இந்தத் தட்டு நின்று நிலைத்ததற்கு இனிமை ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனால் பெரிய காரணம், அது யார்மீதும் குற்றம் சொல்லவில்லை என்பதே. பொஸ்னியா என்று ஒரே ஒரு சொல் அதில் இருந்திருந்தால், ஆட்டக்கூடத்தில் எத்தனை கால்கள் தயங்கியிருக்கும்? வார்த்தை இல்லாதபடியால் எவரும் தங்கள் பிள்ளையை அதில் இருத்திக்கொள்ளலாம். ஒரு பிள்ளையையும் இருத்தாமல் சும்மா ஆடவும் செய்யலாம். மச்சானிடம் ஒருமுறை இந்த யூகோஸ்லாவியக் கதையைச் சொன்னேன். அவருக்கு அது புதுச் செய்தி. "கோப்பை கழுவ நல்ல தாளமடாப்பா" என்றார். மைல்ஸைக் குறைசொல்ல நான் வரவில்லை. அவரே அந்தப் புகழில் நெடுநாள் தங்கவில்லை. டிரிலோக் குர்ட்டுவின் தபேலாவோடு சேர்ந்து 2004இல் ஒரு தொகுப்புச் செய்தார், அதை எவ்வளவு பேர் கேட்டார்கள்? 2017 மே மாதம் இபீசாவில் புற்றுநோயால் இறந்தபோது வயது 47. செய்திகள் எல்லாம் 'சில்ட்ரன்' என்ற ஒரு பெயரோடுதான் அவரை அடக்கம் செய்தன.

பெட்டி இல்லாத வீட்டில் ஒரு இசைத்தட்டை வைத்து என்ன செய்வது? பார்க்கலாம். வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் பள்ளங்கள் மினுங்கும். அடி பலமாக விழுகிற இடம் சற்றுச் சாம்பலாகவும், ஓசை தணிகிற இடம் வழுவழுவென்று கருமை கூடியும் தெரியும். டீஜேக்கள் ஊசியை எங்கே வைப்பது என்று கண்ணாலேயே கணிப்பது இப்படித்தான். எனக்கு அது தெரியாத வயதிலேயே, நடுவில் ஓடிய அந்தக் கரிய வளையத்தை விரலால் தொட்டுப் பார்த்திருக்கிறேன். தாளம் நின்று பியானோ தனியே நிற்கும் இடம். கேட்பதற்குப் பல வருடம் முன்பே அந்த மௌனத்தை நான் பார்த்துவிட்டேன். கைபேசியில் பாட்டுக் கேட்கிறவருக்கு இந்த வசதி இல்லை.

பேசாலையில் பெரியம்மா வீட்டில் பழைய பெட்டி ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டு, 2004இல் தட்டை மன்னார்த் தீவுக்கு அனுப்பினோம். பெட்டி இருந்தது, ஊசி இல்லை. ஊசி கிடைக்கும்வரை அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டோம். 2008 மே மாதம் அடம்பன் இராணுவத்திடம் வீழ்ந்தது. எங்கள் வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. ஊசி இல்லாத குறையால் தட்டு மட்டும் தப்பியது.

2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடத்துக்கு நிலம் தோண்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். அவற்றில் பிள்ளைகளுடையவையும் இருந்தன. மாதிரிகளை அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அனுப்பினார்கள். 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை என்று 2019இல் பதில் வந்தது. காணாமற்போன மகனின் படத்தோடு குழியருகில் வந்து நின்ற தாய்மாருக்கு அந்த எண்களைத்தான் கொடுத்தார்கள். பலர் இன்றுவரை நம்பவில்லை. அந்த எலும்புகளுக்கும் வாய் இல்லை. வசதியாகப் போயிற்று.

போன வருடம் கொழும்பில் ஊசி வாங்கிக்கொண்டு பேசாலைக்குப் போனேன். கடற்காற்று அவ்வளவு காலம் வேலை செய்திருந்தது. முதலில் உப்பு வறுபடுகிற சத்தந்தான் வந்தது. பிறகு பியானோ. பெரியம்மா செபமாலையை மடியில் வைத்துவிட்டுக் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டா. கரிய வளையம் வந்தது, தாளம் நின்றது, மறுபடி விழுந்தது. ஊசி நடுவுக்குப் போய்ச் சுற்றத் தொடங்கியது.

"படிக்கிற ஆள் வரேல்லையே" என்றா பெரியம்மா.

தட்டைத் திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் அப்படித்தான்.