கதையும் முறைத் தண்ணீரும்

வைகை அணைப் பக்கம் படப்பிடிப்பு நடந்தால் கூட்டத்தின் ஓரத்தில் நோட்டுப் புத்தகத்தோடு நம்ம பையன் ஒருத்தன் நிற்பான். காத்துக் கிடந்து ஒரு நாள் கதையைச் சொல்லியும் விடுவான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். ரெண்டு வருசம் கழித்துத் தியேட்டரில் உட்கார்ந்து, 'ஏப்பா, இது நான் சொன்னதுல்ல?' என்பான். யார் நம்புவது?

சட்டம் என்ன சொல்கிறது? 'ஹம் ஹிந்துஸ்தானி' நாடகத்தை எழுதிய ஆர்.ஜி. ஆனந்த், 'நியூ டெல்லி' என்ற இந்திப் படத்தின் மேல் வழக்குப் போட்டார். 1978-இல் உச்சநீதிமன்றம் சொன்னது: கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன வடிவத்துக்குத்தான் உண்டு. ஆனந்த் தோற்றார்.

கேட்டதும் கோபம் வரும். ஆனால் யோசிப்போம். 1959-இல் திறந்த இந்த அணைக்காக ஊர்கள் தண்ணீருக்குள் போயின. அதை வைத்து வைரமுத்து எழுதிய 'கள்ளிக்காட்டு இதிகாச'த்துக்கு 2003-இல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. ஊர் முங்கிய கதை ஒருவருக்கே சொந்தம் என்று பட்டா போட்டுவிட்டால், அதே ஊர்ச் சேரியிலிருந்து ஒருத்தி தன் ஆத்தா பட்ட பாட்டை எழுத முடியுமா? பட்டா வாங்கும் வசதி நம்மிடம் இருக்குமா, படக் கம்பெனியிடம் இருக்குமா? கரு பொதுவில் கிடப்பது நமக்குக் காவல்தான்.

அப்படியானால் பையனுக்கு நடந்தது களவு இல்லையா? களவுதான். இந்தப் பக்கத்து விவசாயியைக் கேளுங்கள்: 'தண்ணி யாருக்கும் சொந்தமில்ல, ஆனா முறை உண்டு' என்பார். அடுத்தவன் முறையில் ராத்திரியோடு ராத்திரியாக மடையைத் திருப்புகிறவனை ஊர் சும்மா விடாது. நம்பிச் சொன்ன கதையும் அப்படித்தான். 2003-இல் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் இதை ஏற்றது. நம்பிக் கொடுத்த தொடர்க் கருவை, கொடுத்தவர் சம்மதம் இல்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. பதிப்புரிமை வேறு, நம்பிக்கைத் துரோகம் வேறு.

ஆனால் அங்கேயும் காகிதம் இருந்தது. 'சர்கார்' படத்தின் மேல் உரிமை கேட்ட வருண் ராஜேந்திரனும் 2007-லேயே 'செங்கோல்' என்ற கதையை எழுத்தாளர் சங்கத்தில் பதிந்திருந்தார். 2018-இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு சமரசமாக முடிந்தது. எழுத்தே மறுக்கப்பட்டு, வாய்மொழியாகவே வரலாற்றைக் காப்பாற்றிய நம் சனங்களின் சொல்லுக்கு எந்தச் சங்கத்தில் பதிவு இருக்கிறது?

பல ஊர்களில் நீர்பாய்ச்சி நம்மவர்தான். எல்லார் வயலுக்கும் முறை பிரித்துத் தண்ணி விட்டவருக்கு எந்தப் பட்டாவிலும் பேர் இல்லை. ஆனாலும் களத்தில் நெல் அளக்கும்போது அவர் பங்கு உண்டு. அதையும் பிச்சை போடுவதுபோலப் போட்டார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. கதை சொன்னவன் கேட்பது தண்ணீரைப் பூட்டும் சாவியை அல்ல. பேரையும் கூலியையும்தான், அதுவும் கைநீட்டி வாங்குகிற மாதிரி அல்ல.

ஆகவே, எழுதுங்கள், பதிந்துவிட்டுச் சொல்லுங்கள். இது பாதிதான். இன்று நம்மவர்களும் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆதிக்க சாதிக்காரனைக் கேட்ட கேள்வியை அவர்களிடமும் கேட்டாக வேண்டும். தோழரே, உங்கள் வாசலில் நோட்டோடு நிற்கிற பையனின் பேர் உங்களுக்குத் தெரியுமா?